பஸ்ஸு ஏன் பசு ஆகல?

எங்க அக்கா பொண்ணு எல்.கே.ஜி. போக ஆரம்பிச்சு ரெண்டு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள வீட்டுல எல்லாருக்கும் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டா. போன ஞாயித்துக்கிழமை எங்கம்மா அவள மாடியில நிக்க வச்சு, "அதோ பாரு பஸ்ஸு, எவ்ளோ பெரிய பஸ்ஸு"ன்னு வேடிக்கை காட்டிக்கிட்டே சோறு ஊட்டிக்கிட்டு இருந்தாங்க. அவ வாய்ல இருந்தத முழுங்கிட்டு, "அம்மாச்சி, பஸ்ஸு இல்ல, பஸ்" அப்படின்னா. எங்கம்மா, "அதத்தான்டி நானும் சொல்றேன், பஸ்ஸு" அப்படின்னாங்க. "இல்ல, பஸ்." "ஆமா, பஸ்ஸு." இப்படியே நாலஞ்சு ரவுண்டு போச்சு. எங்கம்மா வம்புக்கு சொல்லல, அவங்க காதுக்கு நெஜமாவே ரெண்டும் ஒண்ணாதான் கேக்குது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்த கடைசி உ பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். காரு, லைட்டு, ஃபேனு, கப்பு, டிக்கெட்டு, டாக்டரு, இப்படி எந்த இங்கிலீஷ் வார்த்த வந்தாலும் பின்னாடி ஒரு சின்ன வால ஒட்டி அனுப்புறோம்ல, அந்த வாலு. இத கேட்டாலே படிக்காதவங்க பேச்சு, கிராமத்து பேச்சுன்னு ஒரு முத்திரை குத்திடுவாங்க. கால் சென்டர் வேலைக்கு போனவங்கள கேட்டுப் பாருங்க, ட்ரெயினிங்ல எம்.டி.ஐ.ன்னு ஒண்ணு சொல்லுவாங்க, மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ், அதாவது நாக்குல இருக்கிற தாய்மொழி வாடை, அத தேய்ச்சு கழுவுறதுதான் வேலையே, நம்ம ஆளுங்களுக்கு அதுல முதல்ல கழுவுறது இந்த உ-வத்தான். சரி, ஆனா இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா படிக்காதவங்ககிட்டேந்து வரல, நேரா தொல்காப்பியத்துலேந்து வருது. அதுதான் தமாஷு.

தொல்காப்பியத்துல மொழிமரபுன்னு ஒரு இயல் இருக்கு. ஒரு சொல் எந்த எழுத்துல ஆரம்பிக்கலாம், எந்த எழுத்துல முடியலாம்னு அங்க கணக்கு போட்டு வச்சிருக்காரு. மெய்யெழுத்துல முடியணும்னா ஞ, ண, ந, ம, ன, ய, ர, ல, வ, ழ, ள, இந்த பதினொண்ணுக்குத்தான் அனுமதி. வல்லினம் ஆறு, க ச ட த ப ற, ஒண்ணுகூட உள்ள கிடையாது. அதாவது தமிழ்ல ஒரு சொல் க்-ன்னோ ட்-ன்னோ ப்-ன்னோ முட்டிக்கிட்டு நிக்க முடியாது, வாயைத் திறந்துதான் முடிக்கணும். அதனாலதான் நாடு, பாக்கு, பத்து, பேச்சு, பாம்பு, வயிறுன்னு எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு உ வந்து நிக்குது. மாநிலத்தோட பேரையே எடுத்துக்கங்க, 1969ல மெட்ராஸ் ஸ்டேட்ட மாத்தி வச்ச தமிழ்நாடுங்கிற பேர்லயும் கடைசில உக்காந்திருக்கிறது இதே உ-தான்.

இப்ப இங்கிலீஷ்ல பாதி வார்த்தைங்க ட், க், ப், ச்-ன்னுதான் முடியுது. லைட், கப், பேங்க், பெஞ்ச். இந்த ஆளுங்க நம்ம வீட்டுக்குள்ள வரும்போது வாசல்ல தொல்காப்பியர் நின்னுகிட்டு, தம்பி இப்படியே உள்ள வரக்கூடாது, பின்னாடி ஒரு உ போட்டுட்டு வான்னு சொல்றாரு. அவ்ளோதான் நடந்தது. கோட்டு சூட்டோட வந்தவனுக்கு கோயில் வாசல்ல ஒரு துண்டு குடுத்து இடுப்புல கட்டிக்க சொல்ற மாதிரி.

அந்த உ-வும் முழு உ இல்ல, இத கேலி பண்றவங்க பெரும்பாலும் கவனிக்கிறதில்ல. மிமிக்ரி பண்றவங்க பஸ்ஸூ, காரூன்னு உதட்ட குவிச்சு இழுப்பாங்க. யாரும் அப்படி பேசுறதே இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னு "துட்டு"ன்னு சொல்லிப் பாருங்க. மொதல்ல வர்ற து-வுக்கு உதடு குவியும். கடைசி டு-வுக்கு குவியாது, வாய் சும்மா லேசா திறந்து மூடும். ஒரே சொல்லுக்குள்ள ரெண்டு உ, ரெண்டும் வேற வேற சத்தம். இந்த ரெண்டாவது குட்டி உ-வுக்குத்தான் குற்றியலுகரம்னு பேரு, குறுகின உகரம். சாதாரண உ-வுக்கு ஒரு மாத்திரை, அதாவது ஒரு தடவை கண்ண இமைக்கிற நேரம், இதுக்கு அதுல பாதிதான். க், ட் மாதிரி ஒரு மெய்யெழுத்துக்கும் அதே அரை மாத்திரைதான்னு யோசிச்சா, இது உயிரெழுத்துன்னு சொல்ற அளவுக்கே பெருசு இல்ல. தொல்காப்பியர் இத தனியா சார்ந்து வர்ற எழுத்து மூணுல ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிட்டாரு, குற்றியலுகரப் புணரியல்னு இதுக்குன்னே ஒரு இயலும் எழுதிட்டாரு. வடக்கேயிருந்து வர்றவங்க தமிழ்நாடூன்னு கடைசிய நீட்டி சொல்றப்ப நமக்கு காதுல ஏதோ உறுத்துது பாருங்க, அது அந்த பாக்கி அரை மாத்திரைதான்.

பள்ளிக்கூடத்துல குற்றியலுகரம் ஆறு வகைன்னு மனப்பாடம் பண்ணது ஞாபகம் இருக்கா? நெடில்தொடர், ஆய்தத்தொடர், உயிர்த்தொடர், வன்தொடர், மென்தொடர், இடைத்தொடர். ரெண்டு மார்க் கேள்வி. எனக்கு அப்ப இது செத்துப்போன ஏதோ ஒரு மொழியோட சமாச்சாரம் மாதிரி இருந்துச்சு. இப்ப உக்காந்து பாத்தா நாம தினம் பேசுற இங்கிலீஷ் வார்த்தைங்க வரிசையா போய் அந்தந்த பெட்டிக்குள்ள சமத்தா உக்காருது. காடு, நாடு பக்கத்துல ரோடு, சைடு. அழகு, உலகு பக்கத்துல பீரியடு, மெத்தடு. பாட்டு, பாக்கு பக்கத்துல லைட்டு, கப்பு, டிக்கெட்டு. மார்பு, சால்பு பக்கத்துல கார்டு, போர்டு, கோல்டு. ஆய்தத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கல, லிஃப்டுன்னு எழுதினா நடுவுல ஃ நிக்குது, ஆனா அது எஃப் சத்தத்துக்காக வாடகைக்கு வந்த ஃ, போதாக்குறைக்கு டு-வுக்கு முன்னாடி நிக்கிறது ப், அதனால அது செல்லாது. தமிழ்லயே எஃகு, அஃதுன்னு விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் இருக்கு, போகட்டும்.

இதுல என் செல்லம் மென்தொடர். பெஞ்ச் உள்ள வந்து பெஞ்சு ஆச்சு, நெஞ்சு பக்கத்துல அத வச்சா யாருக்கும் வித்தியாசமே தெரியாது. பம்பும் ஸ்டாம்பும் பாம்பு கூட சேந்துருச்சு. பேங்கு, சங்கு. வாரண்டு, நண்டு. இந்த வாரண்டுல இன்னொரு வேலையும் நடந்திருக்கு பாருங்க. இங்கிலீஷ்ல அது முடியுறது அழுத்தமான ட் சத்தத்துல. தமிழ்ல ண்-க்கு பக்கத்துல ட வந்தா அது வண்டு, செண்டு மாதிரி மெதுவா தான் ஒலிக்கும், அதனால வாரண்டு, ஏஜெண்டு, சிமெண்டு, கரண்டு எல்லாமே தானா மெதுவாயிருச்சு. யாரும் உக்காந்து முடிவு பண்ணல. கொத்தனாரும் வக்கீலும் தனித்தனியா ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க.

சரி தலைப்புக்கு வருவோம். பஸ் கூட உ சேத்தா நியாயமா பஸு-ன்னுதான் வரணும், அப்படி வந்தா அது கிட்டத்தட்ட பசு ஆயிடும். டிப்போவுல இருந்து பசு கிளம்பிருச்சு, பசுல உக்கார எடம் இல்லன்னு ஆகியிருக்கும். ஏன் ஆகல? ஏன் நடுவுல இன்னொரு ஸ் வந்து ஒட்டிக்கிச்சு? காருக்கு அப்படி ஒட்டலையே, யாரும் கார்ரு-ன்னு சொல்றதில்லையே?

இதுக்கு பதில் 13ஆம் நூற்றாண்டு நன்னூல்ல இருக்கு. "தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்." ஒத்தையா ஒரு குறில், அதுக்கடுத்து ஒரு மெய், அதுக்கப்புறம் ஒரு உயிர் வந்துச்சுன்னா நடுவுல இருக்கிற மெய் ரெண்டாகும். கல் கூட உ சேந்தா கல்லு, பல்லு, சொல்லு, கண்ணு. ஆனா பால் பாலுதான், கால் காலுதான், நாள் நாளுதான், ஏன்னா அங்க முன்னாடி இருக்கிறது நெடில். நன்னூல் எழுதின பவணந்தி முனிவர் பஸ்ஸ பாத்ததில்ல, ஆனா பஸ் தனிக்குறிலும் ஒற்றும்தான, அதனால பஸ்ஸு. மெஸ்ஸு, பில்லு, சிம்மு, மிஸ்ஸு எல்லாம் அதே கணக்கு. கார் நெடில், அதனால காரு. ஃபோனு, ஃபேனு, ரூமு, கேஸு எல்லாம் அங்க. ரயில்ல ரெண்டு குறில் இருக்கு, தனிக்குறில் இல்ல, அதனால அது ரயில்லு ஆகாம ரயிலு ஆச்சு, சரியா குயிலு மயிலு மாதிரி. எங்கம்மா நன்னூல் படிச்சதில்ல. ஆனா இதுல ஒரு தடவகூட தப்பு விட்டதில்ல.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு, அது இல்லன்னா சண்டையே வந்துரும். லைட்ல லை நெடில்தான, அப்புறம் ஏன் லைட்டுன்னு ட் ரெண்டாகுது, ரோடுல ஏன் ஆகல? இங்க ரெட்டிப்புக்கு காரணம் வேற. தமிழ்ல ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்த ட வந்தா மெதுவா ஒலிக்கும், ஆடு, வீடு மாதிரி. அழுத்தமா ஒலிக்கணும்னா ரெட்டை ட போட்டே ஆகணும், ஆட்டு, வீட்டு மாதிரி. அதனால இங்கிலீஷ்ல அழுத்தமா முடியுறதெல்லாம் ரெட்டை, மெதுவா முடியுறதெல்லாம் ஒத்தை. நோட்டு, ரோடு. சைட்டு, சைடு. சைடுல நிக்கிறது வேற, சைட்டு அடிக்கிறது வேற, ஒரு ட் கூடக் குறைய போட்டா கதையே மாறிடும். தோள்ல மாட்டுறது பேகு, ஆள திட்டுறது பேக்கு. இங்கிலீஷ் எழுத்து தெரியாதவங்ககூட இந்த வித்தியாசத்த கச்சிதமா காப்பாத்துறாங்க, அத நாம கொச்சைன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்.

இங்க ஒரு விஷயத்த நேர்மையா ஒத்துக்கணும். புத்தக கணக்குப்படி குற்றியலுகரம்னா வல்லினத்து மேல மட்டும்தான், கு சு டு து பு று. பாலு, கல்லு, காருல இருக்கிற உ அந்த கணக்குல வராது, ஏன்னா ல், ர் எல்லாம் அப்படியே முடியலாம்னு அந்த பதினோரு எழுத்து லிஸ்ட்டுலயே அனுமதி இருக்கு. அது பேச்சுல வந்து சேந்த பழக்கம், மொழியியல்காரங்க எனன்சியேட்டிவ் வவல்னு சொல்லுவாங்க, சொல்லி முடிக்கிறப்ப வாய் தானா போடுற உயிர்னு வச்சுக்கலாம். ய்-ல முடிஞ்சா அது உ-வா இல்லாம இ-யா வரும், நாயி, பேயி, நெய்யி. என் காதுக்கு தோணுறது என்னன்னா, வல்லினத்து உ சட்டம், மத்த உ ஆசை. சட்டத்துக்கு தப்பிக்க முடியாது, ஆசைய அப்பப்ப அடக்கிக்கலாம்.

எப்ப அடக்குறோம்? பேச்சு நிக்காம ஓடும்போது. பஸ்ஸு வந்துருச்சு, ஆனா பஸ் பாஸு. சிம்மு தொலைஞ்சு போச்சு, ஆனா சிம் கார்டு. கேஸு தீந்துருச்சு, ஆனா கேஸ் சிலிண்டரு. பாருங்க, ரெண்டு வார்த்த சேந்து வந்தா முன்னாடி இருக்கிறது வால சுருட்டிக்குது, கடைசில நிக்கிறவன்தான் வால ஆட்டுறான். பஸ்ஸு பாஸுன்னு சொல்றவங்கள நான் பாத்ததில்ல. ஆனா கரண்டு பில்லுன்னு சொல்றவங்க நிறைய இருக்காங்க, அது வல்லினம், சட்டம், லேசுல விடாது. அடுத்து உயிரெழுத்து வந்துட்டா மட்டும் சட்டமும் ஓட்டம்தான்: சீட்டு கூட இல்ல சேந்தா சீட்டில்ல. இதுக்கும் நன்னூல்ல வரி இருக்கு, "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்." வீட்டுக்கு மாமியார் வந்ததும் பின்வாசல் வழியா ஓடுற மாப்பிள்ளை மாதிரி, 'ஓடும்'னே எழுதி வச்சிருக்காரு மனுஷன்.

ம்-ல முடியுற வார்த்தைங்க இன்னும் வேடிக்கை. ரூமு, டைமு, டீமுன்னு சொல்றோம். ஆனா சிஸ்டமு, பிராப்ளமு, மியூசியமுன்னு சொல்றோமா? மாட்டோம். ஏன்னா அதெல்லாம் கேக்கிறதுக்கு மரம், பணம், குளம் மாதிரி இருக்கு, மரத்த யாரும் மரமுன்னு சொல்றதில்லையே, மூக்கால முடிச்சிட்டு போயிடுவோம். அதோட நிக்கல, மரம் மரத்துல ஆகுற மாதிரி சிஸ்டம் சிஸ்டத்துல ஆகுது, மியூசியத்துல, ஸ்டேடியத்துல, பிளாட்பாரத்துல. ரூமத்துலன்னு மட்டும் எவனும் சொல்லமாட்டான். ஐ.டி. கம்பெனியில ஏசி ரூமுல உக்காந்து, "சிஸ்டத்துல ஏத்திட்டேன் பாஸ்"ன்னு சொல்றவன் தனக்கு தமிழ் இலக்கணம் தெரியாதுன்னு சத்தியம் பண்ணுவான்.

பக்கத்து வீடுகள்ல இதுக்கு இவ்ளோ வெட்கம் இல்ல. தெலுங்குல பஸ்ஸு, காருன்னு பேப்பர்லயே அச்சடிக்கிறாங்க, யாரும் சிரிக்கிறதில்ல. கன்னடத்துலயும் பஸ்ஸு, காரு எழுத்துக்கு வந்துருச்சு. மலையாளத்துக்காரங்க இன்னும் சாமர்த்தியம், இந்த குட்டி உ-வுக்கு சம்விருதோகாரம்னு பேர் வச்சு, எழுத்துக்கு மேல சந்திரக்கலைன்னு ஒரு குட்டி பிறைய போட்டு காட்டிடுவாங்க. நம்மகிட்ட முழு உ-வுக்கும் குட்டி உ-வுக்கும் ஒரே எழுத்துதான், அதனாலதான் பஸ்ஸுன்னு எழுதினா இவ்ளோ பெரிய வால் மாதிரி கண்ணுக்கு தெரியுது, வாய்ல இருக்கிறது என்னவோ துளியூண்டுதான்.

ஜப்பான்காரங்களுக்கும் இதே வியாதி. அவங்க பாஷையிலயும் ன் சத்தத்த தவிர வேற மெய்யில சொல் முடியாது, அதனால உள்ள வர்ற இங்கிலீஷுக்கெல்லாம் பெரும்பாலும் உ, சில எடத்துல ஓ. கப் அவங்களுக்கும் கப்புதான், ப ரெண்டாகுறது உட்பட. பேக் பக்கு. பெட் பெத்தோ மாதிரி வரும். பஸ் மட்டும் ரெண்டாகல. ஜப்பான்ல பஸ்ஸுக்கு பேரு பசு. நெஜமாத்தான், ப-வ மட்டும் பஸ்ல வர்ற மாதிரி சொன்னா அப்படியே அதுதான். பவணந்தி முனிவர் அந்த பக்கம் போகாதது அவங்க துரதிர்ஷ்டம்.

இவ்ளோ நேரம் சட்டம் பேசிட்டேன், இனிமே வெளாட்டு. இந்த உ ஏன் கேக்க இவ்ளோ செல்லமா இருக்கு? இது என் கணிப்பு, ஏத்துக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம். குழந்தைங்கள கொஞ்சுற வார்த்தைங்கள வரிசையா சொல்லிப் பாருங்க: அம்மு, பட்டு, சிட்டு, புஜ்ஜு, மம்மு. ஒரு குறில், ஒரு ரெட்டை மெய், ஒரு உ. இப்ப பஸ்ஸு, கப்பு, சிம்மு, மிஸ்ஸு. அச்சு ஒண்ணேதான். அப்புறம் பேர சுருக்குறோமே, பாலசுப்ரமணியம் பாலு, சீனிவாசன் சீனு, வேலாயுதம் வேலு, கோபாலகிருஷ்ணன் கோபு. பெரிய பேர வெட்டிப்போட்டு ஒரு உ-வ ஒட்டினா உடனே அவரு நம்ம வீட்டு ஆளாயிடுறாரு. வெட்ட முடியாத பேருக்கும் விடுறதில்ல, "என்ன ரமேஷு, ஆளையே காணோம்"னு கேட்டா அந்த உ-வுல ஒரு தோள்மேல கை போடுறது இருக்கு, இல்ல வம்புக்கு இழுக்குறது இருக்கு. அதே ஒட்ட இங்கிலீஷ் வார்த்தைக்கு போட்டா, சூட்டு கோட்டு போட்டு வந்த வார்த்தைக்கு சட்டைய கழட்டி திண்ணையில உக்கார வச்ச மாதிரி ஆயிடுது.

காதல், லவ், லவ்வு, மூணும் ஒண்ணா? காதல் கல்யாணப் பத்திரிகையிலயும் கவிதையிலயும் இருக்கும். லவ் சாதாரணமா சொல்றது. லவ்வுன்னு ஒருத்தர் சொன்னா அங்க ஒரு கண்ணடிப்பு இருக்கு, "ஆமா, பெரிய லவ்வு"ன்னு சொல்லிப் பாருங்க, லவ்-ன்னு நிறுத்தினா அந்த நக்கல் வராது. சூப்பர்னா பாராட்டு, சூப்பரு-ன்னா பாதி பாராட்டு பாதி கிண்டல். ஃபீலிங்குன்னா கண்டிப்பா கிண்டல். எஸ்கேப்பு ஆனவன் எஸ்கேப் ஆனவன விட வேகமா ஓடியிருப்பான். கேலி பண்ணப்பட்ட ஒரு ஒட்ட, இங்கிலீஷ் நல்லா தெரிஞ்ச பசங்களே வேணும்னே எடுத்து மாட்டிக்கிறாங்க. எனக்கு விடத் தெரியும், ஆனா விடல, அதுலதான் ருசியே. வேற வழியில்லாம பேசுறவங்கள பாத்து சிரிச்சிட்டு நாம மட்டும் ஸ்டைலா பேசிக்கிறோமேன்னு எனக்கு அப்பப்ப ஒரு குறுகுறுப்பு உண்டு, அதையும் சொல்லிடுறேன்.

2011 நவம்பர்ல யூட்யூப்ல வந்த கொலவெறி பாட்ட யாரும் மறந்திருக்க மாட்டீங்க, தனுஷ் பாடி அனிருத் இசையமைச்சது, 3 படத்துக்காக. அது இங்கிலீஷ் வார்த்தையிலேயே ஓடுற தமிழ்ப் பாட்டு, ஓட்டுற என்ஜினே இந்த உ-தான். தமிழ் ஒரு வார்த்த தெரியாத வடநாட்டுப் பசங்ககூட பாடினாங்க, ஏன்னா வார்த்தைங்க ஏற்கனவே தெரியும், கொலவெறியையும் ஒரு உ-வையும் மட்டும் கத்துக்கிட்டா போதும். எம்.டி.ஐ.ன்னு கழுவி எடுத்த அதே சத்தம் அந்த வருஷக் கடைசியில ஊரு முழுக்க ரிங்டோனா அடிச்சது. உ இல்லாம அந்த பாட்ட ஒரு தடவ பாடிப் பாருங்க, தாளமே உக்காராது. ஒவ்வொரு வார்த்தைக்கும் கடைசில அரை மாத்திரை எடம் வேணும், இல்லன்னா அடி விழாது.

தாளம்னு சொன்னதும் இன்னொண்ணு. வெண்பாவோட கடைசி சீர் எப்படி முடியணும்னு நாலு வாய்பாடு வச்சிருக்காங்க: நாள், மலர், காசு, பிறப்பு. கடைசி ரெண்டும் குற்றியலுகரம். மொத குறளே உலகுன்னுதான முடியுது, அது பிறப்பு. பேச்சுல மூச்ச நிறுத்துற எடத்துல எங்கம்மா வாய்ல வர்ற உ, பாட்டுலயும் நிறுத்துற எடத்துல வந்து நிக்குது. இந்த கணக்குப்படி பெஞ்சு காசு, கரண்டு பிறப்பு. முதற்றே உலகுங்கிற மாதிரி "போச்சே கரண்டு"ன்னு ஒரு குறள் வெண்பாவ முடிச்சிங்கன்னா தளைகூட தட்டாது, சரிபாத்துட்டேன். மீதி அஞ்சு சீர நீங்களே போட்டுக்கங்க, கரண்டு போற நேரத்துல வேற என்ன வேலை இருக்கு.

ங்-ல முடியுற வார்த்தைங்கள பத்தி சொல்ல விட்டுப்போச்சு. ங் அந்த பதினொண்ணுல இல்ல, அதனால வாக்கிங்கு, ஷாப்பிங்கு, பார்க்கிங்குன்னு ஒரு கு வந்து ஒட்டிக்கும். இப்ப பசங்க அத திருப்பி போட்டு தமிழ் வினைக்கு இங்-க மாட்டி தூங்கிங், சாப்பிட்டிங்குன்னு டைப் பண்றாங்க, வாய்விட்டு சொல்றப்ப பாத்தா அதுக்கும் பின்னாடி உ. நான் தூங்கிங்கு. இங்கிலீஷ் வால திருடிட்டு வந்தா அந்த வாலுக்கும் நம்மாளு ஒரு வால் வச்சிருக்கான்.

அன்னைக்கு சாயங்காலம் எங்கம்மா அக்கா பொண்ணுக்கு தலை சீவி விட்டுக்கிட்டே விடாம கேட்டாங்க, "பஸ்ஸுன்னு சொல்லக்கூடாதுன்னு யாருடி உனக்கு சொன்னது?"

"எங்க மிஸ்ஸு" அப்படின்னா.